முதுகில் பட்ட கை

கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. அந்தப் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர்கள் இப்போதே எழுந்துபோய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இந்தக் கதையைக் கேட்ட பிறகு கையில் எண்ணெய் பட்டாலே உங்களுக்குக் குமட்டும். நான் காத்திருக்கிறேன். அவசரமில்லை.

இங்கே ஜேர்மனியில், பான் நகரில் தேவமலர் என்று ஒருத்தி இருக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெண், ஐம்பத்திரண்டு வயது. தனியாக இருக்கிற வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், உடம்பு கழுவி, உடுப்பு மாற்றி, பாண் ரொட்டி வெட்டிக் கொடுத்து, மருந்தை எண்ணி வைத்துவிட்டு வருவது அவள் வேலை. சீழ், மலம், படுக்கைப்புண் எல்லாம் பார்த்த கை அது. எதற்கும் முகம் சுளிக்காதவள் என்று அவளுக்குப் பெயர்.

அந்த ஐப்பசியில் அவள் கந்தசஷ்டி விரதம் பிடித்திருந்தாள். ஆறு நாளும் பகலில் வெறும் தண்ணீர். பொழுதுபட்டால் ஒரு கோப்பை பாலும் பழமும். எல்லாம் மகள் சாரங்காவுக்காக. சாரங்காவுக்கு வயிற்றில் வந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, மற்றது ஆறாம் மாதத்தில். இது மூன்றாவது, எட்டாம் மாதம் நடக்கிறது. மகளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்திருந்தாள். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வரவேண்டும். தேவமலருக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

விரதம் தொடங்கிய அன்றுதான் கூட வேலை செய்கிற அகுஸ்தினா ஒரு வீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அகுஸ்தினா பப்புவாத் தீவின் மலைநாட்டுக்காரி. இங்கே வந்து பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பை முடித்தவள். தமிழில் ஒரே ஒரு சொல் தெரியும்: அக்கா. மற்றதெல்லாம் ஜேர்மன் மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். நான் நம்முடைய பேச்சிலேயே சொல்கிறேன்.

"அக்கா, அந்த மேட்டு வீட்டை நீங்கள் எடுங்கோ. உங்கட ரெண்டு வீட்டை நான் பாக்கிறன்."

"ஏன், கிழவன் கை நீட்டுறவரோ?"

"இல்லை. ஒரு நாள்தான் போனனான். அந்த வீட்டில எங்கட ஊர் மணக்குது."

"ஊர் மணந்தால் நல்லதுதானே, விசரி!"

அகுஸ்தினா சிரிக்கவில்லை.

வீடு காட்டோரமாய் மேட்டில் இருந்தது. காலை ஏழு மணி, இன்னும் இருள் விடவில்லை. தேவமலர் கதவைத் திறந்ததும் விறகுப் புகை வந்து மூக்கில் மோதியது. புகைக்கு அடியில் இன்னொரு மணம் கிடந்தது. இறைச்சிச் சட்டியைக் கழுவாமல் ஒரு கிழமை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அது. மின்விளக்கின் ஆளியைத் தொட்டாள். விரல் பிசுபிசுத்தது. கதவுப்பிடியும் அப்படித்தான். சுவரில், ஒரு பெண்ணின் தோள் உயரத்தில், யாரோ கையால் தடவிக்கொண்டே நடந்ததுபோல் நீளமாய் ஒரு எண்ணெய்க் கோடு.

இரும்பு விறகு அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தார் ஹெர் வோல்மன். எண்பத்துநான்கு வயது. இளமையில் பப்புவா மலைக்கிராமம் ஒன்றில் ஒரு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்தவர். இப்போது கையைத் தோளுக்கு மேல் தூக்க ஏலாது. பெண்சாதி பிள்ளை இல்லை.

முதுகு கழுவச் சட்டையைத் தூக்கினாள்.

அந்த வயதில் முதுகுத் தோல் கடதாசிபோல் இருக்கும். இவருடையது கைக்குழந்தையின் முதுகுபோல் மினுங்கியது. நடுவில் ஒரு கைத்தடம். கொழுப்பும் கரியும் கலந்த இடக்கைத் தடம். மோதிர விரலும் சின்ன விரலும் முதல் கணுவோடு முடிந்திருந்தன.

"யார் இதைப் பூசினது?"

"அவள்தான்," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. பால் குடித்த பூனைபோல் ஒரு முகம்.

தேவமலர் வீட்டுக்கு வருகிறவர்கள் எழுதும் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். வேறு யாரும் வருவதாய் எழுத்தில்லை. ஈரத்துணியால் துடைத்தாள். துணி கறுத்தது. பிறகு அவருக்குப் பாண் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த வீட்டின் சாவி அவர்களுடைய நிறுவனத்திடம் மட்டும்தான் இருந்தது.

இரண்டாம் நாளும் முதுகில் அதே தடம். அன்றைக்கு அவர், "தோள் வறண்டுபோய் அரிக்கிறது, கொஞ்சம் பூசிவிடுங்கள்," என்று கேட்டார். குளியலறையில் களிம்பு இல்லை. யன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்த எண்ணெய். குளிர் தொடங்கினால் இங்கே நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவளும் அப்படித்தான் நினைத்தாள். கையுறையைக் கழற்றினாள். பிள்ளைக்கும் கிழவர்களுக்கும் வெறுங்கையால் எண்ணெய் வைப்பதுதான் அவள் கண்ட பழக்கம். கையுறையோடு தேய்த்தால் அது சட்டி துலக்குவதுபோல, என்பாள்.

ஒரு கட்டியைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் உருக்கி அவர் தோளில் தேய்த்தாள்.

சூட்டில் மணம் எழும்பியது.

அது தேங்காய் மணம் இல்லை.

"என்ன இது?"

"பன்றிக் கொழுப்பு. இறைச்சிக்கடையில் வாங்கி உருக்கி வைத்தது. ஆனால் அது எனக்கில்லையே, பெண்ணே. அவளுடைய பங்கு அது." அடுப்புக்கு மேலிருந்த தட்டைக் கண்ணால் காட்டினார்.

தட்டில் மூடியில்லாத மரப்பெட்டி. பெட்டியில் ஒரு கை. மணிக்கட்டோடு அறுத்தது. புகையில் கறுத்து, ஒடியல் பனங்கிழங்குபோல் காய்ந்து, கொழுப்பில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. இடக்கை. இரண்டு விரல் குட்டை.

தேவமலர் ஓடிப்போய்க் கை கழுவினாள். சவர்க்காரம் போட்டாள், பாத்திரம் கழுவும் திரவம் போட்டாள். வீட்டுக்கு வந்து தேசிக்காய் தேய்த்தாள், மஞ்சள் தேய்த்தாள். விரதகாரியின் கையில் பண்டிக் கொழுப்பு! நகக்கண்ணில் மட்டும் அந்த வழுக்கல் போகவேயில்லை.

பொழுதுபட்ட நேரம் சாரங்கா நாரி நோகுது என்று இடுப்பைப் பிடித்தாள். தாய் மனம். இத்தனை தரம் கழுவிய கைதானே என்று நல்லெண்ணெயைச் சுடவைத்து மகளின் முதுகில் தேய்த்துவிட்டாள்.

அங்கேதான் பிழை நடந்தது, பிள்ளைகளே.

மூன்றாம் நாள் விடிந்ததும் சாரங்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"அம்மா, விடியப்புறம் வந்து முதுகு தேய்ச்சனீங்களோ?"

"இல்லையே பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ. நல்ல சூடான கை, அடுப்படியில இருந்து வந்த மாதிரி. ஆனால் ஒரு கையாலதான் தேய்ச்சனீங்கள். மற்றக் கையை எங்க வைச்சிருந்தனீங்கள்?"

தேவமலர் மகளைத் திருப்பி நிறுத்தினாள்.

வெள்ளை இரவுச்சட்டையின் முதுகில் ஒரு கறுத்த கை.

இரண்டு விரல் குட்டை.

அன்றைக்கு நிறுவனத்துக் காரின் கதவைச் சாத்திவிட்டு அகுஸ்தினாவின் முன்னால் அந்தச் சட்டையை விரித்தாள். அகுஸ்தினா அந்தக் குட்டை விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"அக்கா, எங்கட ஊருக்கு ரோட்டு இல்லை. முகில் விலகினால்தான் சின்ன விமானம் இறங்கும். இறங்கின இடத்தில இருந்து ரெண்டு நாள் நடை. குளிர் எலும்பைத் தின்னும். வட்டமான புல்லு வீடு, நடுவில அடுப்பு. நாங்களும் பண்டியளும் ஒரே கூரையின்ர கீழ. மூண்டு நேரமும் வத்தாளங்கிழங்கு. மருந்துக்கு ஒரு கொட்டில் இருக்கு, பூட்டித்தான் கிடக்கும். தாதி எப்பவாவது வருவா. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான். அதாலதான் நான் இந்த வேலை படிக்க வந்தனான்."

"விரல்?"

"எங்கட பள்ளத்தாக்கில அந்தக் காலத்தில பிள்ளை செத்தால் தாயின்ர விரலில ஒரு கணுவை வெட்டுவினம். ரெண்டு விரல் எண்டால் ரெண்டு பிள்ளை. எங்கட குலத்தில அப்பிடி ஒரு மனுசி இருந்தவ. வருத்தக்காரப் பிள்ளையளின்ர முதுகில கை வைச்சால் காய்ச்சல் இறங்குமாம். செத்தபிறகும் அவவைப் புதைக்கேல்லை. அடுப்புக்கு மேல புகையில வைச்சு, கொழுப்புப் பூசிப் பூசிக் காத்தவை. ஒரு வெள்ளைக்காரர் வந்து எங்களோட ஒரு வருஷம் இருந்து சாப்பிட்டார். சின்னமுத்துக் காய்ச்சல் வந்து சனம் எல்லாம் படுத்துக் கிடந்த நேரத்தில அவர் போனார். போனபிறகு பாத்தால் அவவுக்கு ஒரு கைதான் இருந்தது."

தேவமலர் சட்டையை மடித்தாள். "என்ர பிள்ளைக்கும் ரெண்டு போச்சுது. இவ மூண்டாவதைக் காக்க வாறாவோ, எடுக்க வாறாவோ?"

"எனக்குத் தெரியாது, அக்கா. அவ பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போவா. அவ்வளவுதான் தெரியும். அவவை வீட்டை கொண்டுபோகவேணும். அதுக்கு முதல், அவவின்ர பங்கை எடுத்த கை அவவுக்குத் திருப்பிப் பூசவேணும். அது நான் இல்லை."

நான்காம் நாள் காலை இரண்டு பெண்களும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஹெர் வோல்மன் அகுஸ்தினாவைக் கண்டதும் எதற்கு வந்தார்கள் என்று விளங்கிக்கொண்டார். வெட்கமில்லை, பயமில்லை.

"மியூசியத்தில் கொடுத்திருந்தால் காய்ந்து தூளாகியிருப்பாள். ஐம்பத்தைந்து வருஷம் என் கையால் பூசினேன். எனக்கு ஏலாமல் போனதும் அவள் எனக்குப் பூசத் தொடங்கிவிட்டாள்." இளித்தார். "எவ்வளவு மெதுவாகத் தேய்க்கிறாள், தெரியுமா?"

"எதால அறுத்தனீர்?" என்றாள் தேவமலர். அவரோடு மரியாதை விட்டுப் பேசியது அன்றுதான்.

"பாண் கத்தியால்தான். நல்ல இரும்பு. இன்னும் கூர் போகவில்லையே."

கத்தி பக்கத்துத் தட்டில் கிடந்தது. வந்த காலைகளிலெல்லாம் அவள் பாண் வெட்டி, அதே கத்தியால் வெண்ணெய் தடவி, அவர் வாயில் ஊட்டிய கத்தி. தாடையில் வெண்ணெய் வழிய வழிய அவர் மென்றது அவள் கண்ணுக்குள் வந்தது. இருபது வருஷத்தில் முதல்தரம் தேவமலர் ஒரு நோயாளியின் கட்டிலடியில் வாந்தி எடுத்தாள்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இறக்கினாள்.

கையுறை போடவில்லை. போத்தலில் இருந்து கொழுப்பை அள்ளினாள். உள்ளங்கையில் உருகி விரலிடுக்கால் வழிந்தது. விரதத்தோடு இருந்த உடம்பெல்லாம் கூசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையைத் தொட்டாள். குளிர்ந்து, கடினமாய், ஆணி பிடித்த உள்ளங்கை. கிழங்கு தோண்டின கை. இருபது வருஷம் தான் கழுவித் துடைத்த எத்தனையோ கிழவிகளின் கைபோலத்தான் அதுவும் இருந்தது. அருவருப்பு அதிலிருந்து நழுவி, கட்டிலில் மினுங்கிக்கொண்டு கிடந்த அந்த மனிதர்மேல் போய் ஒட்டிக்கொண்டது. குட்டை விரல்களின் நுனிக்கும் பூசினாள்.

"முடிஞ்சுது, அம்மா," என்று நோயாளிகளுக்குச் சொல்வதுபோலவே சொன்னாள். "இனி வீட்டை போகலாம்."

அகுஸ்தினா கையைச் சேலைத்துண்டில் சுற்றினாள். கட்டிலில் கிடந்தவர் அப்போதுதான் அழத் தொடங்கினார்.

"என் முதுகு! இனி என் முதுகை யார் தேய்ப்பது?"

இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் தோல் பாளம் பாளமாய் வெடித்ததாம். எந்தக் களிம்புக்கும் கேட்கவில்லையாம். வருகிற தாதிமாரிடமெல்லாம் "அவள் வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறாராம்.

அகுஸ்தினா விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். சாரங்காவின் முதுகில் பிறகு ஒரு தடமும் விழவில்லை. மார்கழித் தொடக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. பிறந்த உடனே நல்ல உரத்த அழுகை. தேவமலர் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிள்ளை பிறந்த பத்தாம் நாள் காலை கைத்தொலைபேசியில் அகுஸ்தினாவின் குரல் வந்தது. சிக்னல் கிடைக்கிற மலைக்கு ஏறிநின்று பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் மழைச் சத்தம், பன்றிகளின் உறுமல்.

"அக்கா, அவவின்ர கையைச் சேர்த்துக் கட்டிப்போட்டம். பொம்பிளையள் எல்லாரும் அழுதவை. இப்ப அவ முழுசாய் இருக்கிறா. மருந்துக் கொட்டில் இன்னும் பூட்டித்தான் கிடக்கு. நான் இஞ்சயே நிண்டுவிடுவனோ எண்டு யோசிக்கிறன்."

தேவமலர் கும்பிட்டாள். மனம் பஞ்சாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து பிள்ளையை நிறுக்க மருத்துவிச்சி வந்தாள். உடுப்பைக் கழற்றினாள். கழற்றியவள் நின்றாள்.

"யார் பிள்ளைக்கு எண்ணெய் பூசினது? இப்ப வேண்டாம் எண்டு சொன்னனான் எல்லே?"

"ஒருத்தரும் பூசேல்லையே," என்றாள் சாரங்கா.

அறையில் விறகுப் புகை மணந்தது.

தேவமலர் குனிந்து பார்த்தாள். பிள்ளை நித்திரையில் சிரித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மினுக்கம். இடப்பக்க விலாவில் ஒரு கரிக்கை. இரண்டு விரல் குட்டை.

வலப்பக்க விலாவிலும் ஒரு கை.

அதில் ஐந்து விரலும் முழுசு.

பிள்ளையைத் தொட்டிலில் இருந்து தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கை கொடுப்போமே, அப்படி.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு தேவமலர் நின்றாள். துடைத்தால் அவவுக்குக் கோபம் வருமோ. துடைக்காமல் விட்டால் நாளைக்குத் தொட்டில் வெறுமையாய் இருக்குமோ. எதைச் செய்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். துணியோடு நின்றதுவரைதான் எனக்குத் தெரியும்.

சரி, எழும்புங்கள், பிள்ளைகளே. உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் சூடாய் இருக்கட்டும். தொட்டிலில் போட்ட பிள்ளை விடிந்ததும் அந்தத் தொட்டிலிலேயே கண் விழிக்கட்டும். உங்கள் குஞ்சுகளின் முதுகில் படுகிற ஒவ்வொரு கையும் உங்களுக்குப் பெயர் தெரிந்த கையாகவே இருக்கட்டும்.