அளவுகோல் மூளை

மதியச் சாப்பாடு முடிந்து வேதியியல் வகுப்பு தொடங்கிய சற்று நேரத்தில் இளவேனிலின் பிடரியில் தேள் கொட்டியது. துள்ளி நிமிர்ந்தாள். பட்டையில் எரிந்த சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறியது. ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வகுப்புக்குள் யாராவது ஒருவர் துள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள்.

தேள் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். முறையான பெயர் விழிப்புப் பட்டை. காதுக்குப் பின்னாலிருந்து பிடரி வரை ஒட்டிக்கொண்டு மூளையலையை வாசிக்கும். வாசித்ததை ‘அளவுகோல் மூளை’ ஒன்றோடு ஒப்பிடும். அளவுகோலைவிட விழிப்பு குறைந்தால் சுருக்கென்று மின்சாரம் பாயும், விளக்கு சிவக்கும். குறையாதவரை பச்சை. மற்ற பள்ளிகளில் முதல் மதிப்பெண் எடுக்கும் மாணவரின் மூளையலையைக் காலையில் பதிவுசெய்து அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த இந்த உறைவிடப் பள்ளியில் மட்டும் அளவுகோல் தாளாளர் அத்தியப்பனின் மூளை.

“என்ற மூளைய விடவா ஒரு பொடிசோட மூளை ஒசத்தி?” என்று கேட்டு, காலைக் காப்பி குடித்த கையோடு உட்கார்ந்து பதிவுசெய்துகொண்டார். தனக்கும் ஒரு பட்டை வாங்கித் தங்க முலாம் பூசி மாட்டிக்கொண்டார். அதில் கொட்டும் வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தாளாளரைத் தேள் கொட்டலாமா என்ன!

பிள்ளைகளுக்கு மதியத்தில் ஏன் தூக்கம் வராது? வெளியே வேடிக்கை பார்ப்பார்கள் என்று ஜன்னல்களைச் சுவர் வைத்து அடைத்தாகிவிட்டது. பெற்றோர் வந்து பார்த்தால் தட்டு நிறைந்திருக்க வேண்டும் என்று சோற்றைக் குன்றாகக் கொட்டி, உருளைக்கிழங்கு வறுவலை அதன்மேல் சாத்தினார்கள். சாப்பிட்டதும் அப்படியே பெஞ்சு. எருமைக்குக்கூட அதன்பின் கண் சொருகும்.

இதைச் சொல்லப் போய்த்தான் சங்கமித்ரா மாட்டிக்கொண்டாள். இளவேனிலின் அக்கா. பட்டை செய்த கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளர். மாதாமாதம் வந்து பட்டைகளைச் சரிபார்ப்பவள்.

“சார், தேளு எதுக்குங்? சோத்தக் கொறச்சு காயும் பயறும் போடுங்க. ஜன்னலத் தெறந்து வெளிச்சம் விடுங்க. வெயில் படற தாழ்வாரத்துல ஒரு சுத்து நடக்கட்டும், தண்ணி குடிக்கட்டும். கொஞ்ச நேரம் பெஞ்சுல தல சாய்ச்சு எந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் தெளிவா இருக்கும்ங்.”

அத்தியப்பன் பற்குச்சியால் பல் குத்திக்கொண்டே கேட்டார். “தூங்கறதுக்கு அவிங்க அப்பன் ஊட்டுல பாய் இல்லியா அம்மிணி? நீ பட்டையப் பாரு, போ.” அப்புறம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ‘தாளாளர் ஆலோசனையில் இருக்கிறார்’ என்ற விளக்கு வாசலில் எரிந்தது. அது என்ன ஆலோசனை என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். குறட்டை வராந்தாவுக்கே கேட்கும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

யோசனை சொல்லப்பட்டதை அவர் மறக்கவில்லை. மறுநாள் காலை வழிபாட்டில் இளவேனிலை மேடைக்கு அழைத்து, ‘தூங்குமூஞ்சி’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி, ஒரு வாரம் அதோடு திரியச் சொன்னார். மாதத்துக்கு இத்தனை முறைதான் விளக்கு சிவக்கலாம் என்ற கணக்கு இனி எல்லை தாண்டினால் மாற்றுச் சான்றிதழில் ‘கவனக்குறைபாடு’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். அந்த ஒரு சொல் இருந்தால் எந்த மருத்துவக் கல்லூரியும் அவளை உள்ளே விடாது. சின்ன வயதிலிருந்து டாக்டர், டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் அது. பிடரியெல்லாம் புள்ளி புள்ளியாய் வெந்து, சாப்பாட்டைக் கண்டாலே பயந்து, பாதித் தட்டோடு எழுந்துவிடத் தொடங்கினாள்.

அந்த வாரம் தங்கையைப் பார்க்க விடுதிக்கு வந்த சங்கமித்ரா அந்த அட்டையைத் தன் கண்ணால் பார்த்தாள். இந்த ஆளை ஊர் முன்னால் நிறுத்திச் சிரிக்க வைக்காவிட்டால் நான் என்ன மனுஷி என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அடுத்த பராமரிப்பின்போது ஒரே ஒரு அமைப்பை மாற்றினாள். அளவுகோல் என்ற இடத்தில் ‘பதிவு’ என்று இருந்ததை ‘நேரலை’ ஆக்கினாள். இனி பட்டைகள் ஒப்பிடப்போவது அத்தியப்பனின் காப்பி குடித்த காலை மூளையோடு அல்ல. அந்தந்த நிமிஷத்தில் அவர் தலைக்குள் என்ன நடக்கிறதோ அதோடு.

அன்று மதியம் அத்தியப்பன் ஆலோசனையில் இறங்கினார். பள்ளி முழுக்கப் பட்டைகள் பச்சையாயின. இளவேனில் பயந்து பயந்து தலையைப் பெஞ்சில் சாய்த்தாள். கொட்டவில்லை. பக்கத்துப் பெண்ணும் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வகுப்பே குப்புறக் கிடந்தது. வேதியியல் ஆசிரியர் அதட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் எல்லா விளக்கும் பச்சை! விழித்திருக்கிறார்கள் என்று விளக்கு சொல்லும்போது, தூங்குகிறார்கள் என்று சொல்ல அவர் யார்? தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னால், “வெளக்கு பச்சையா இருக்குதல்ல, அப்பறம் என்னுங் சார்?” என்பார். ஆசிரியரும் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் நாள் முழுக்க நின்று கால் வலி.

தாளாளர் எழுந்து முகம் கழுவும்போது பிள்ளைகளைத் தேள் மெல்லத் தொட்டு எழுப்பியது. நீட்டி முறித்து எழுந்தவர்களுக்குப் பாடம் தலையில் ஏறியது. பருவத் தேர்வில் மதிப்பெண்கள் எகிறின. இளவேனில் வேதியியலில் முதலாவதாக வந்தாள். பிடரிப் புண் ஆறியது.

“அக்கா, என்ன பண்ணுனியோ தெரியல, இப்படியே உட்ருக்கா,” என்றாள் போனில். “நல்லாத்தான் இருக்குது.”

சங்கமித்ராவும் விட்டிருப்பாளோ என்னவோ. அத்தியப்பன் விடவில்லை. மதிப்பெண்ணைக் கொண்டாட ஒரு விழா எடுத்தார். தலைவாழை விருந்து போட்டு, பெற்றோரைக் கூட்டி, மேடையேறி முழங்கினார்.

“எல்லாம் என்ற மூளையோட மகிமைங்! இந்தப் புள்ளையப் பாருங்க.” இளவேனிலை இழுத்து நிறுத்தினார். “சுத்த தூங்குமூஞ்சி. இவிங்க அக்கா எங்கிட்டவே வந்து தூங்க உடச் சொல்லிச்சுங். குடும்பமே அப்படி! என்ற மூளையோட ஒட்டுனதும் ஃபர்ஸ்ட் மார்க்கு!”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. இளவேனில் தலை குனிந்து நின்றாள். திரைகளைக் கவனிக்க அழைக்கப்பட்டிருந்த சங்கமித்ராவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பழைய கறுவல் அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வந்தது. அவள் காத்திருந்தாள். சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார், விருந்து வயிற்றில் இறங்கியது, வாய் பிளந்தபடி அத்தியப்பன் நாற்காலியில் சரிந்தார். பெரிய திரையில் அவருடைய மூளையலையை ஓடவிட்டாள். மேலே ‘அளவுகோல் மூளை, நேரலை’ என்ற எழுத்து. கீழே தரையோடு தரையாய்ப் படுத்துக் கிடந்த கோடு. போதாததற்கு அவர் பக்கத்திலேயே ஒரு மைக் இருந்தது. குறட்டை அரங்கம் முழுக்க ஒலித்தது.

முதலில் சிரிப்பு. பிறகு சங்கமித்ரா மைக்கை வாங்கினாள். “இதுதானுங்க தினமும் மத்தியானம். இவரு தூங்குனாரு, உங்க புள்ளைங்களும் தூங்குச்சுங்க. தூங்கித்தான் மார்க்கு எடுத்துச்சுங்க. இந்த ஆளு மூளையில ஒண்ணுமில்லீங்!”

அத்தியப்பன் விழித்துக்கொண்டு மலங்க மலங்கப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை மாதம் காத்திருந்தாள். என்ன இனிப்பு! நாக்கில் பட்டதுபோலவே இருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து கோழிப்பண்ணை மயில்சாமி எழுந்தார். பெற்றோர் சங்கத் தலைவர். முகம் சிவந்திருந்தது.

“இருங்க, இருங்க. இந்தாளு தூங்கியே இத்தன மார்க்குன்னா, முழிச்சிருந்தா நம்ம புள்ளைங்க எத்தன எடுத்திருக்கும்?”

அரங்கமே கொதித்தது.

“அதானே! நம்ம புள்ளைங்க மார்க்க இந்தாளு தூங்கியே தின்னுபோட்டானே!”

“அந்தாளு பட்டையில கொட்டறத வைங்க!”

“பூட்டு போடுங்க! சாவி சங்கத்துக்கிட்ட இருக்கட்டும்!”

சங்கமித்ரா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஏறவில்லையே என்று அவள் அப்போது கவலைப்படவும் இல்லை, அதுதான் உண்மை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவோம் என்று அவர்கள் மிரட்டியதும் அத்தியப்பன் பணிந்தார். சங்கமித்ரா தன் கையாலேயே தங்கப் பட்டையில் கொட்டலை இயக்கினாள். அளவை உச்சத்துக்குத் திருகினாள். அதையும் நேரலை அமைப்பையும் சேர்த்துப் பூட்டி, கடவுச்சொல்லை மாற்றி மயில்சாமியிடம் கொடுத்தாள். முதல் கொட்டில் அத்தியப்பன் நாற்காலியோடு எகிறியபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவருக்குக் கண்ணாடி அறை ஒன்று கட்டினார்கள். பெற்றோர் போனில் எந்நேரமும் அவரைப் பார்க்கலாம். சோம்பலாகச் சாய்ந்தால் போதும், யாராவது ஒரு பண்ணையிலிருந்தோ லாரி ஆபீசிலிருந்தோ போனில் பொத்தானை அழுத்துவார்கள், கொட்டும்.

அடுத்த பராமரிப்புக்கு சங்கமித்ரா வந்தபோது வராந்தாவில் இளவேனில் நின்றிருந்தாள். பிடரி வீங்கி, கண்கள் உள்ளே போயிருந்தன.

“என்ன கண்ணு இது? முந்தி இத்தன கொட்டாதே!”

“அவரு முந்தி சாதாரணமாத்தான் முழிச்சிருந்தாரு. இப்பப் பயந்துக்கிட்டு முழிச்சிருக்காருக்கா,” என்றாள் இளவேனில். “அந்தளவுக்கு எங்களால பயப்பட முடியல. சிவப்புக் கணக்கு எல்லையத் தொட்ருச்சு. சான்றிதழ் குடுத்துருவாங்களாமா.”

சங்கமித்ரா மயில்சாமியை அழைத்தாள். கெஞ்சினாள். மத்தியானம் கொஞ்ச நேரமாவது அவரைத் தூங்க விடுங்கள், பூட்டைத் திறந்து பழையபடி ஆக்கிவிடுகிறேன் என்றாள்.

“அந்தாளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியா அம்மிணி? எவ்வளவு குடுத்தான்?” மயில்சாமி போனை வைத்துவிட்டார்.

வேறு வழியில்லை. அவரையே அமைதிப்படுத்திப் பார்க்கலாம் என்று கண்ணாடி அறைக்கு ஓடினாள். பேசிச் சிரிக்கவைத்தால், மூச்சை மெல்ல விடச் சொன்னால், கோடு கொஞ்சம் இறங்காதா? கதவைத் தள்ளினாள்.

அத்தியப்பன் தலை தூக்கினார். எதிரில் நிற்பது யார் என்று தெரிந்ததும் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்.

“வேண்டாம் அம்மிணி... இன்னும் கூட்டிராதம்மிணி...”

சுவர்த் திரையில் அவருடைய கோடு செங்குத்தாக ஏறியது. அதே நொடியில் கீழே எல்லா வகுப்புகளிலிருந்தும் வராந்தாவிலிருந்தும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் அலறினார்கள். அதில் தன் தங்கையின் குரலும் இருந்தது.

“பயப்படாதீங்க சார்,” என்றாள் சங்கமித்ரா. அவள் பேசப் பேசக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.