உம் கொட்டாதவர்

செங்குடியில் காலையில் எழுந்ததும் யாரும் முதலில் முகம் கழுவுவதில்லை. மூளையைத்தான் கழுவுவார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் சின்ன மூடியைத் திறந்து இரண்டு நீலச் சொட்டு விட்டால் போதும்; முந்தின நாள் எரிச்சல், அரைகுறைக் கனவு, மேலதிகாரியின் முகம் எல்லாம் ஏற்பிகளை விட்டுக் கழன்றுவிடும். சுறுசுறுப்புக்குப் பச்சைச் சொட்டு. பரீட்சை நாளென்றால் மஞ்சள். “ஏலே, மூளை கழுவிட்டியா?” என்று தாய்மார்கள் அதட்டுவதும், “கழுவிட்டேம்மா” என்று பிள்ளைகள் புளுகுவதும் அங்கே தினசரி நடக்கிற கூத்து.

செங்குடி என்பது செவ்வாய் மண்ணுக்கடியில் இருக்கிற ஊர். தாமிரபரணிக் கரையிலிருந்து கிளம்பிப் போனவர்கள் கட்டியது. காற்றையும் தண்ணீரையும் அவர்களே செய்துகொண்டார்கள். பேச்சை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தார்கள். அங்கே வாரம் ஏழு நாளும் செவ்வாய்தான் என்று ஒரு அறுதப் பழசான ஜோக் உண்டு. இன்னும் அதற்குச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்ய.

பயம், சோம்பல், தலைவலி, பொறாமை எல்லாவற்றுக்கும் சொட்டு வந்துவிட்ட அந்த ஊரில் ஒரே ஒரு புகாருக்கு மட்டும் மருந்தில்லை. “சொன்னா காதிலயே வாங்குறதில்ல.” மனைவி கணவனைச் சொன்னாள், கணவன் மனைவியைச் சொன்னான், இருவரும் சேர்ந்து பிள்ளைகளைச் சொன்னார்கள். இந்த ஒன்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியவள் சங்கரவடிவு. ஏற்பி ஆய்வகத்தின் தலைமை ஆராய்ச்சியாளர். கெட்டிக்காரி, கொஞ்சம் முன்கோபி, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

மூளைச் செல் ஒவ்வொன்றின் சுவரிலும் சின்னச் சின்ன மதகுகள் இருக்கின்றன. மதகு திறந்தால் சோடியமும் கால்சியமும் அயனிகளாக உள்ளே பாயும். செய்தி ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். மதகைத் திறக்கிற பூட்டுத்தான் ஏற்பி. அதற்குப் பொருந்துகிற சாவி மருந்து. ஒருவர் பேசும்போது கேட்கிறவரின் மூளையில் இரண்டு ஓட்டங்கள் ஓடுகின்றன என்று சங்கரவடிவு கண்டுபிடித்தாள். ஒன்று, கேட்பது. இன்னொன்று, ‘இதற்கு நாம் என்ன சொல்லலாம், எப்போது தலையாட்டலாம், இது எப்போது முடியும்’ என்று கணக்குப் போடுவது. இரண்டாவது ஓட்டம் முதலாவதை முழுங்கிவிடுகிறது. அந்த இரண்டாவது ஓட்டத்தின் மதகை ஒரு மணி நேரம் அடைத்து வைக்கிற மருந்தை அவள் செய்தாள். ‘செவிசாய்’ என்று பெயர் வைத்தாள். எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. மனிதர்களிடம் பார்ப்பதுதான் பாக்கி.

நலவாரியம் ஒரே முறைதான் அனுமதிக்கும் என்றது. தோற்றால் ஆய்வகத்தை மூடிவிட்டு அவளைக் கீரைப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். சங்கரவடிவுக்குக் கீரை என்றால் சாப்பிடக்கூடப் பிடிக்காது.

கேட்பதை எப்படி அளப்பது என்றுதான் கூட்டத்தில் எல்லோரும் முழித்தார்கள். கண் அசைவு என்றார் ஒருவர். மூளைப் படம் என்றார் இன்னொருவர். வாரியத் தலைவர் குற்றாலிங்கம் சிரித்தார். “எதுக்குய்யா சுத்தி வளைக்கிய? நம்ம ஆளு கேக்கானா இல்லையான்னு நமக்குத் தெரியாதா? கேக்குறவன் உம் கொட்டுவான். அத எண்ணுங்க, சோலி முடிஞ்சுது.”

எல்லோரும் “ம், அதான் சரி” என்றார்கள். சங்கரவடிவும்தான். இப்படியாக ‘உம்மானி’ பிறந்தது. சட்டைக் காலரில் மாட்டிக்கொள்கிற பொத்தான் அளவுக் கருவி. போட்டிருக்கிறவர் எத்தனை முறை ‘ம்’ கொட்டுகிறார் என்று எண்ணும். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை யாருக்கும் தெரியாது. ஊரில் இருப்பதே சொற்ப ஜனம் என்பதால் சங்கரவடிவின் கணவர் பிரமநாயகத்துக்கும் ஒரு புட்டி வந்தது.

பிரமநாயகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊருக்குக் காற்று செய்கிற காற்றாலையில் வேலை, சாது, உம் கொட்டுவதில் செங்குடியிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருமுறை சங்கரவடிவு சோதிப்பதற்காகவே, “நான் அடுத்த ராக்கெட்டுல ஒரேயடியா பூமிக்குப் போறேன்” என்றாள். “ம்” என்றார். “வரவே மாட்டேன்.” “ம், ம். வரும்போது கொஞ்சம் புளி வாங்கிட்டு வந்துரு” என்றார். அவள் மருந்து கண்டுபிடித்ததில் என்ன ஆச்சரியம்!

சோதனை ஆரம்பித்த முதல் நாள் சாயங்காலம் பிரமநாயகம் காதுக்குப் பின்னால் சொட்டு விட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். சங்கரவடிவு வழக்கம்போல ஆய்வகக் கதையைத் தொடங்கினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ‘ம்’ இல்லை, ஒரு தலையாட்டல் இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கேக்கியளா?”

அவர் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு வார்த்தை தடுமாறிப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். சங்கரவடிவுக்கு மருந்துக் கவலையைவிட இந்தக் கவலை பெரிதாகிவிட்டது. இத்தனை வருஷமாக அந்த ஒரு ‘ம்’தான் இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. அதுவும் போய்விட்டால்? ஏதோ மனதில் வைத்திருக்கிறார், ஆய்வகமே கதியென்று கிடப்பதில் கோபம் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு எஸ்தர்தங்கம் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். “எங்க வீட்டுக்காரர் இப்போ என்னமா உம் கொட்டுதாரு தெரியுமாக்கா! நான் வாயத் திறக்குறதுக்கு முந்தியே ம்ங்காரு. உங்க மருந்துக்குக் கோயில் கட்டணும்.”

சங்கரவடிவு வீட்டுக்குள் வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருந்து ஊருக்கெல்லாம் பலித்திருக்கிறது, தன் வீட்டில்தான் புருஷனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

பேசாமலும் அவளால் இருக்க முடியவில்லை; இப்படியே சோதனை மாதம் ஓடியது. வாரியம் கூடுவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு வேளை. சங்கரவடிவு ஒரு கையால் சாதத்தைப் பிசைந்தபடி இன்னொரு கையால் வரைபடத் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிரமநாயகம் தொண்டையைச் செருமினார்.

“வடிவு, ஒண்ணு சொல்லணும். ரெண்டு மூணு நாளா யோசிச்சுப் பாத்தேன்.”

“ம்.”

“உம் கொட்டணும்னா, எங்க கொட்டணும்னு மனசு ஒரு பக்கம் பாத்துக்கிட்டே இருக்கணும்லா. இப்போ எனக்கு அது இல்ல. நீ பேசுதது மட்டுந்தான் இருக்கு. அதான் கொட்டத் தோண மாட்டேங்குது.”

“ம்… ம்.”

“அந்த உம்மானி தப்பால்லா எண்ணுது? கேக்காதவனத்தான் அது எண்ணுது.”

“ம், சரிங்க, மோர் ஊத்திக்கோங்க” என்றாள் சங்கரவடிவு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். பிரமநாயகம் அவளைச் சற்று நேரம் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாவம், களைத்துப் போயிருக்கிறாள் என்று தோன்றியது. மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் வாரியக் கூடத்தில் ஊரே திரண்டிருந்தது. யாருக்கு எந்தப் புட்டி என்பதைத் திறந்தார்கள். ஏராளமாக உம் கொட்டியவர்கள் எல்லோரும் தண்ணீர்ப் புட்டிக்காரர்கள். மருந்து போட்டுக்கொண்டவர்கள் ஊமையாகிவிட்டிருந்தார்கள். மருந்துக்காரர்களின் மனைவிமார் எழுந்து ஆளுக்கொரு பாட்டம் புலம்பித் தீர்த்தார்கள். “மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரும்மா, ராத்திரியானா பயமால்லா இருக்கு!” என்றாள் ஒருத்தி.

சங்கரவடிவு வரைபடத் திரையை அணைத்தாள். மருந்து தோற்றுவிட்டது. ஆய்வகம் போயிற்று.

அப்போது பிரமநாயகம் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத மனுஷன்; முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“என் வீட்டுக்காரி சொன்னதச் சொல்லுதேன். பெரிய நுண்ணோக்கியோட கண்ணாடி ஈரம் பூத்து வேர்க்குதுன்னு சொன்னா. கீழைச் சுரங்கத்துல இருக்குற அவ தங்கச்சிக்குக் கடவாய்ப் பல்லு எடுத்திருக்காம். முதல் எலி செத்தன்னைக்கு இவ கழிப்பறைக்குள்ள போயி அழுதிருக்கா; மத்தவங்க முன்னால அழுதா தலைவின்னு மதிக்க மாட்டாங்கன்னு. கல்யாணத்துக்கு முன்னால இவளுக்குக் கப்பலோட்டணும்னு ஆசையாம். இங்க கடலே இல்லியேன்னு சொல்லிச் சிரிச்சா. இத்தன வருஷத்துல இதெல்லாம் எத்தனவாட்டி சொல்லியிருப்பாளோ, இந்த மாசந்தான் என் காதுல விழுந்துச்சு. உம் கொட்டிக் கொட்டியே எல்லாத்தையும் விட்டுட்டேன்.”

சங்கரவடிவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது, அவளுக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

“இத முன்னாலயே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“நேத்துச் சாப்பிடும்போது சொன்னேனே, வடிவு.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘ம்’னு சொன்ன.”

கூடம் கொல்லென்று சிரித்தது. சங்கரவடிவும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பிறகு மேடையேறினாள். உம்மானியின் தவறு எங்கே, மதகு அடைபட்டால் ஏன் சத்தம் வராது, நிஜமாகக் கேட்கிறவனுக்கு ஏன் உம் கொட்ட நேரமில்லை என்று மூச்சுவிடாமல் விளக்கினாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. வாரிய உறுப்பினர்கள் மணிக்கட்டுத் திரைகளைத் தடவியபடி “ம்… ம்… ம்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலர்களில் இருந்த உம்மானிகள் நூற்றுக்கு நூறு காட்டின.

அவள் முடித்ததும் குற்றாலிங்கம் நிமிர்ந்தார். “ரொம்ப அருமையாச் சொன்னியம்மா. ஒண்ணு விடாமக் கேட்டோம்” என்று சொல்லிவிட்டு, காலையிலேயே எழுதி வைத்திருந்த தீர்ப்பை வாசித்தார். மருந்தைக் கொட்டிவிட வேண்டியது. ஜனங்கள் எதை விரும்புகிறார்கள் என்று சோதனை சந்தேகமில்லாமல் காட்டிவிட்டதால், எதிரே யாராவது பேசினால் தானாகவே ‘ம்’ கொட்டுகிற தொண்டைச் சில்லு ஒன்றைத் தயாரிக்க வேண்டியது. ஆய்வகத்தை அதற்கே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆக, ஆய்வகம் மூடப்படவில்லை. சங்கரவடிவும் கீரைப் பண்ணைக்குப் போகவில்லை.

சில்லு அமோகமாகப் போயிற்று. கேட்கிறவர் திரை பார்க்கலாம், கணக்குப் போடலாம், உட்கார்ந்தபடியே தூங்கலாம். தொண்டை பாட்டுக்கு இடம் பார்த்து உம் கொட்டும். சோகமான விஷயமென்றால் கூடவே ஒரு ‘ச்சொ’வும் வரும். இரண்டே மாதத்தில் ‘காதில் வாங்குவதில்லை’ என்ற புகார் செங்குடியில் அடியோடு ஒழிந்தது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு முன்னோர்களுக்குக் கிடைக்காமல் போயிற்றே, பாவம், காலமெல்லாம் கையால் திரையைத் தள்ளிக்கொண்டே வாயாலும் உம் கொட்டிக்கொண்டு எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்கள் என்று பள்ளிப் பாடத்தில்கூடச் சேர்த்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்றைக்குச் சங்கரவடிவு கொட்டச் சொன்ன புட்டிகளில் பாதியைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவரை உட்கார வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தன் காதுக்குப் பின்னால் சொட்டு விட்டுக்கொண்டாள்.

“இப்போ நீங்க சொல்லுங்க.”

“நானா? நான் என்னத்தச் சொல்ல” என்று கூச்சப்பட்டார் பிரமநாயகம். அப்புறம் சொன்னார். அவருக்கு வத்தக்குழம்பு பிடிக்காதாம், கல்யாணமான நாளிலிருந்தே. காற்றாலைச் சக்கரம் நிற்கிற ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் மூச்சைத்தான் நினைப்பாராம். இப்படியே சொல்லிக்கொண்டு போனார். சங்கரவடிவு அவர் முகத்தைப் பார்த்தபடி வாயே திறக்காமல் இருந்தாள்.

ஊரெல்லாம் சில்லு வந்த பிறகும் அவர்கள் வீட்டில் இது தொடர்ந்தது. அப்படி ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர்தங்கம் தன் புருஷனிடம் சொன்னாள்: “பிரமநாயகம் அண்ணாச்சி வீட்டுல என்ன மனஸ்தாபமோ தெரியலங்க. ஒரு ஆளு பேசுதாரு, இன்னொரு ஆளு ஒரு ‘ம்’ கூடச் சொல்ல மாட்டேங்குது. கேக்கவே பாவமா இருக்கு, இல்லையா?”

“ம்” என்றது அவருடைய தொண்டை.