தண்ணீர் வேண்டாதவர்

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி உள்ளே திரும்பிய மண் பாதை, ஒரு பாறைக்குன்றின் கீழே வேப்பமரத்தடியில் முடிந்துபோனது. அதற்கு மேல் கார் போகாது.

"இறங்குக்கா. பத்து நிமிஷம் ஏறினா போதும்" என்றான் ஜெயகிருஷ்ணன். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சமண முனிவருங்க இருந்த பள்ளி. செங்கல் சுவரு பாதி நிக்குது. பாறையில வெட்டின படுக்கை அப்படியே இருக்கு."

தம்பிக்குப் பழங்கல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், ஏதாவது ஒரு இடிந்த சுவரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவான். கணவர் பூவராகவன் போய் நாற்பது நாளாகியும் அக்கா வச்சலா கேளம்பாக்கம் ஃப்ளாட்டை விட்டு வெளியே வரவில்லையே என்று, இந்த வாரம் அவளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

மரத்தடியில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அம்சா என்று பேர் சொன்னாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

"மேலயா போறீங்க? தண்ணி பாட்டில இங்கியே வெச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"ஏம்மா?" என்றாள் வச்சலா.

"மேல ஒரு சாமியாரு கல்லுல படுத்து உசுர வுட்டாரு. மொதல்ல சோத்த வுட்டாரு, அப்பறம் தண்ணியயும் வுட்டாரு. வேணாம்னு படுத்தவரு முன்னாடி தண்ணிய எட்த்துகினு போவலாமா? எங்க ஊர்ல யாரும் போமாட்டோம். எம்மாந் தாகமா இருந்தாலும் கீழ எறங்கி வந்துதான் குடிப்போம்."

ஜெயகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே பாட்டிலை வைத்தான். வச்சலாவும் தன் கையிலிருந்ததை வைத்தாள். கைப்பைக்குள் இருந்த சின்ன பாட்டிலைப் பற்றி மூச்சு விடவில்லை. நாற்பது நாளாகத் தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் அவளால் எங்கும் இருக்க முடிவதில்லை.

பூவராகவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள்தான் டம்ளரில் அளந்து அளந்து கொடுத்தாள். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அவர் சமையலறையில் திருட்டுத்தனமாக ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டாள். வந்த கோபத்தில் வெடுக்கென்று பிடுங்கி, அவர் கண்ணெதிரே சிங்க்கில் கொட்டினாள். "தண்ணி தண்ணின்னு ஏன் என் உயிர வாங்கறீங்க?"

ஏழு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தார்.

நீங்க செஞ்சது சரிதாம்மா என்றுதான் டாக்டர் சொன்னார். சரியாகச் செய்து என்ன கண்டாள்? ஒரு வாய் கொடுத்திருக்கலாமே, பாவி. அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

மேலே ஏறியபோது உச்சி வெயில். ஜெயகிருஷ்ணன் மறுபக்கத்துக் கல்வெட்டைப் படம் எடுக்கப் போய்விட்டான். வச்சலா நிழலுக்காகக் குனிந்து பாறைக்கு அடியில் நுழைந்தாள். வௌவால் எச்சத்தின் நெடி அடித்தது. கண் இருட்டுக்குப் பழகியதும் கல்படுக்கை தெரிந்தது. ஓர் ஆள் நீளம். தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் மேடு. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல மழமழவென்று இருந்தது.

ச்சப்.

வச்சலா திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

ச்சப்.

வறண்ட நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஆறு மாதமாகப் பக்கத்துக் கட்டிலில் கேட்ட சத்தம் அவளுக்குத் தெரியாதா?

"என்னங்க?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சத்தம் நின்றது. பிறகு தலைமாட்டிலிருந்து மறுபடி வந்தது.

அம்சா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. வேண்டாம் என்றவருக்கு நாக்கு இப்படியா ஒட்டும் என்று அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். கைப்பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து, தலையணை மேட்டில் முழுவதையும் ஊற்றினாள்.

"குடிங்க. நான் பாவிங்க. வயிறு முட்டக் குடிங்க."

கருங்கல்லில் ஊற்றிய தண்ணீர் வழிந்து ஓட வேண்டும்.

ஒரு சொட்டு வழியவில்லை.

அப்புறம் யாரோ அழுதார்கள். மலையெல்லாம் ஏறி, கடைசிப் படியில் தடுக்கி விழுந்தவன் அழுவது போல, அடக்கி அடக்கி.

அது பூவராகவன் குரல் இல்லை.

வச்சலா பாறையில் இடித்துக்கொண்டு பின்வாங்கினாள். கேட்டவர் கையிலிருந்து பிடுங்கினேன். வேண்டாம் என்று படுத்தவர் வாயில் ஊற்றிவிட்டேன். ஐயோ, இது என்ன காரியம் செய்தேன்?

அழுகை நின்றது. காதருகே, மிக அருகே, ஒரு சொல்.

"இன்னும்."

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னாலேயே ஜெயகிருஷ்ணன் "அக்கா, அக்கா" என்று ஓடிவந்தான். அம்சா அவள் கையிலிருந்த காலி பாட்டிலைப் பார்த்தாள்.

"ஊத்திட்டியாமா?"

வச்சலா தலையை ஆட்டினாள்.

"அடிப் பாவி... இத்தினி காலமா தாகத்த அடக்கிகினு கெடந்தாரே மனுசன்."

அம்சாவின் பார்வை வச்சலாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. தன் குடத்துத் தண்ணீர் முழுவதையும் மண்ணில் கவிழ்த்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் காலை, ஃப்ளாட்டில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் காலியாக இருந்தது. தரையில் ஈரமே இல்லை. வச்சலா குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மேடையில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள் அது தீர்ந்திருந்தது. சொம்பில் வைத்தாள். பக்கெட்டில் பிடித்தாள். எல்லாம் தீர்ந்தன.

பூவராகவன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்துக் கும்பிட்டாள். "நீங்களாவது ஒரு வாய் எடுத்துக்கக் கூடாதா?"

மத்தியானம் வரை அது மட்டும் ததும்பத் ததும்ப அப்படியே இருந்தது.

ஜெயகிருஷ்ணன் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டு அவனுக்கும் குரல் இறங்கிவிட்டது.

"யாரா இருந்தாலும் சரிக்கா. தண்ணி கெடையாதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடு. போயிடும்."

அவள் சொல்லிவிடத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தாள். அன்று நாலு மணிக்குக் கத்திய அந்த வாய், இப்போது அந்த ஒரு வார்த்தைக்கு அசைய மறுத்தது.

முதுகுக்குப் பின்னால், சமையல் மேடையில் யாரோ காலி டம்ளரை டக்கென்று வைத்தார்கள்.

"இருங்க, இதோ வந்துட்டேன்" என்றாள் வச்சலா.