ஆளுக்கொரு செய்தி

வழக்கம்போல் காலையில் பொற்கொடி செய்தி நிலையத்தின் பதிவுக் கூண்டில் உட்கார்ந்து, தான் பார்த்து வந்ததைச் சொன்னாள். கருங்கல்குப்பத்துக் கடல்தடுப்புச் சுவர் அடியில் பிளந்திருக்கிறது. பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றைய பௌர்ணமி அலைக்குச் சுவர் தாங்காது, மக்கள் உடனே வெளியேற வேண்டும். நிருபரின் வேலை அத்தோடு முடிந்தது. மீதி, செய்தி நெய்வானுடையது.

நெய்வான் என்ற அந்தச் செயற்கை நுண்ணறிவு அவள் முகத்தையும் குரலையும் எடுத்து, பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறும்படமாக நெய்துவிடும். ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஒரே செய்தி; பிடிக்காதவர்கள் பாதியிலேயே தள்ளிவிட்டுப் போனார்கள். இப்போது யாரும் போவதில்லை. எதைக் கேட்டால் ஒருவர் திரையை மூடுவாரோ, அதை நெய்வான் அவருக்குச் சொல்லாது.

குப்பத்தில் இருந்த தன் அக்கா பவளத்தைப் பொற்கொடி தொலைபேசியில் அழைத்து, கிளம்பிவிட்டாளா என்று கேட்டாள்.

"எதுக்கு? இன்ஜினியருங்க பாத்துட்டாங்க, பயமில்லன்னு காலையில நீதான சொன்னே."

பொற்கொடிக்குப் புரிந்தது. புயலில் கணவரைப் பறிகொடுத்த பிறகு, கடலைப் பற்றிய கெட்ட செய்தி எதையும் அக்கா முழுதாகப் பார்த்ததில்லை. குப்பத்தில் பலரும் அப்படித்தான். நெய்வான் அவர்களுக்கான படத்தில் பிளவை வெட்டிவிட்டு, பொறியாளர்கள் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, செவுரு பொளந்து கெடக்கு. கையில கெடச்சத எடுத்துக்கிட்டு வா."

"நீ பொற்கொடிதானா? போன மாசம்கூட உன் கொரல்ல எவனோ பேசிக் காசு கேட்டான்." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

செய்தி ஆசிரியர் வேதநாயகத்திடம் ஓடினாள். அவர் கெட்டவர் அல்லர். தலையைப் பிடித்துக்கொண்டார். "எதைம்மா திருத்துறது? ஆளுக்கு ஒண்ணு ஓடுது. நான் பாத்ததே வேற." மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டபோதோ, நிலைமை கட்டுக்குள் இருப்பதாக நீங்களே சொன்னீர்களே என்றார்கள்.

அவளே பேருந்து பிடித்துப் போனாள். அவளைக் கண்டதும் குப்பமே சிரித்த முகமாகக் கூடியது. தொண்டை கிழியச் சொன்னாள். சிலர் திரையை எடுத்து, அதில் இருந்த பொற்கொடியையும் எதிரில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திரையில் இருந்தவள் நிதானமாகப் பேசினாள். எதிரில் நின்றவளோ தலை கலைந்து அழுதுகொண்டிருந்தாள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். திமிறிய அக்காவை மட்டும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புயல் காப்பகத்தின் மாடிக்கு ஏறினாள்.

பொழுது சாய்வதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது.

நீந்தி வந்து படியேறியவர்களில், பகலில் அவள் கத்தியபோது குப்பத்தில் இல்லாத இருதயராஜும் ஒருவர். அவர் மனைவியைக் காணவில்லை. ஈரம் சொட்டச் சொட்டப் பொற்கொடியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"காலையிலயே தெரியும்னா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

சொன்னேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் திரையில் அவள் அதைச் சொல்லவே இல்லை.