இருபதாவது வளைவு

யாழினியின் விரல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

நாலு வயதுக்காரிக்குப் பகல் தூக்கம் வரத் தாலாட்டு வேண்டாம். அம்மா வயிற்றில் பிரசவம் விட்டுப்போன வெள்ளைக் கோடுகள்மேல் விரலை பஸ்ஸாக ஓட்டி, "ஒண்ணாம் வளைவு, ரெண்டாம் வளைவு" என்று எண்ணினால் இருபதுக்குள் கண் சொருகிவிடும். "இருபது வளைவு ஏற்காடு மலை ரோடாட்டம் இருக்குது" என்று அப்பா இளவழகன் ஒருநாள் சிரித்ததை மகள் விளையாட்டாக்கிக்கொண்டாள். அம்மா பிரபாவுக்கு அந்தச் சிரிப்பு தைத்தது. அஸ்தம்பட்டி கிளினிக்கில் கோடுகள் மங்க லேசர் வைத்துக்கொள்ளப் போனது அதனால்தான்.

"ரோட்டக் காணோம்மா" என்ற யாழினி, சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொண்டாள்.

பிரபா கண்ணாடி முன் நின்றாள். ஆறு சிட்டிங் ஆகும், மங்கும், முழுசாகப் போகாது என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டே சிட்டிங்கில் பாதி வயிறு துடைத்த தட்டு மாதிரி இருந்தது. மங்கவில்லை. இல்லவே இல்லை.

அப்புறம் அந்தக் கமலவேணி. அங்கே லேசர் போடுகிறவள். முதல் நாளே வேலையை விட்டுக் குழந்தையைப் பற்றியே கேட்டவள். "பாப்பா எப்படித் தூங்குமுங்க்கா?" பிரபாவும் வாய் சும்மா இராமல் பஸ் விளையாட்டைச் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்துதான் மகள் இவள் ஊட்டுகிற சோற்றுக்கு முகம் திருப்புகிறாள். நேற்று கூப்பிட்டதற்கு யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

போதும். பிரபா மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனாள்.

"நிறுத்திக்கலாமுங்க்கா" என்றாள் கமலவேணி, காரணம்கூடக் கேட்காமல். "ஆனா பாதில விட்டா திட்டுத் திட்டாத் தெரியுமுங்க. ஓரத்த மட்டும் சமன் பண்ணிர்றேன். பாப்பா வெளிய சோபாவுல இருக்கட்டும்."

திட்டுத் திட்டாக. இளவழகனின் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. பிரபா படுத்தாள்.

மரத்துப்போக வைக்கும் களிம்பு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இருட்டில் மெஷின் டிக், டிக் என்று அடிக்க, முடி கருகும் வாடையும் டெட்டால் நெடியும் கலந்து மூக்கில் ஏற, எரிச்சல் தெரியாமலிருக்க அது ஊதும் குளிர்காற்று வயிற்றின்மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. எப்போது நின்றது அந்தக் காற்று? டிக் சத்தம் மட்டும் நிற்கவில்லை. களிம்பையும் மீறிக் குத்துமே, அந்தச் சுருக்கும் இல்லை.

வெளியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல்.

"பதினாறாம் வளைவு..."

யாழினி.

எந்த ரோட்டில்?

கண்ணாடியைப் பிடுங்கினாள். அறையில் யாருமில்லை. மெஷின் சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. குனிந்து வயிற்றைப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. லேசர் தொடவே தொடாத பிரசவ ஆபரேஷன் தழும்பு. அதுவும் இல்லை. பிள்ளை பெறாத வயிறு.

"பதினெட்டு..."

கதவு. தாழ்ப்பாள். திறந்தது.

சோபாவில் கமலவேணி கண்மூடிச் சாய்ந்திருந்தாள். மேலங்கி ஏறியிருந்தது. வயிறு நிறைய வெள்ளைக் கோடுகள். அடியில் ஆபரேஷன் தழும்பு. அவள் மடியோரம் யாழினியின் தலை.

"சாமி... வா, ஊட்டுக்குப் போலாம்."

யாழினி நிமிர்ந்தாள். பிரபாவை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க ஆன்ட்டி. எங்கம்மா தூங்குது."

அந்த விரல் மறுபடி கோட்டின்மேல் இறங்கியது. ஊர்ந்தது. கடைசி வளைவில் திரும்பியது.

"இருபது."

கண் சொருகியது.