இறங்கிப் பார்த்தவள்

"நில்லுங்க... அப்படியே நில்லுங்க."

குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. தெரியாவிட்டாலும் நெட்டை நின்றான். காலை ஏழு மணி மழை. தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு, கிடங்கின் முற்றத்தைக் குறுக்கே கடந்து வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் புஸ்ஸென்று ஏர் பிரேக் பிடிக்கும் சத்தம். திரும்பிப் பார்த்தால்... பதினாறு மீட்டர் ட்ரெய்லர் லாரியின் பின்கதவு, மூக்குக்கு ஒரு முழத்தில்.

உயிர் போய்த் திரும்பி வந்தது.

லாரியின் ஓரமாக எட்டிப் பார்த்தான். அந்தக் கடைசியில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. அதில் மழைத்துளிகள் வழிய, நடுவில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பெரிய கண்கள்... கோபமான கண்கள்... மை வைக்காமலே மை வைத்தது போன்ற கண்கள். வழியை விட்டு நகர வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை.

"பிளாஸ்டிக் தாளுக்குள்ள இருக்கறவரே, நீங்க நகர்ந்தீங்கன்னா நான் வண்டிய உள்ள விடுவேன். இல்ல, உங்களையும் சேர்த்து லோடு ஏத்திக்கணுமா?"

நகர்ந்தான். அதன் பிறகு நடந்ததைத்தான் அவனால் நம்ப முடியவில்லை.

ட்ரெய்லர் லாரி என்பது நடுவில் மடியும் வண்டி. பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் மொத்தமும் மடங்கி நிற்கும். கிடங்கின் மூன்றாம் எண் வாசலின் இரண்டு பக்கமும், ராத்திரியே வந்து நின்ற வேறு லாரிகள் இருந்தன. நடுவில் மிச்சமிருந்த இடத்தில் இந்த வண்டி போனால் பக்கத்துக்கு ஒரு சாண் மிஞ்சும். கொட்டுகிற மழையில், அந்த இடுக்குக்குள், ஒரே தடவையில்... முன்னால் போகாமல், நிற்காமல், திணறாமல், அந்தப் பதினாறு மீட்டரும் வளைந்து, நிமிர்ந்து, சரக்கு மேடையின் விளிம்பு ரப்பரில் முத்தமிடுகிற மாதிரி மெதுவாய்ப் போய் ஒட்டிக்கொண்டது. நெட்டை வாயைப் பிளந்தபடி நனைந்துகொண்டு நின்றான்.

கதவு திறந்தது. இறங்கியவள் முன்சக்கரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

இவளா... இத்தனையையும் இவளா செய்தாள்?

அந்த வாரமே கிடங்கு ஆட்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'ஒரே தடவை' வந்தாச்சு, 'ஒரே தடவை' கிளம்பியாச்சு என்றுதான் பேச்சு. பெயர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெட்டைக்கு நெட்டை என்று வைத்தவர்களும் அவர்கள்தானே.

அந்தப் பெயரைக் கேட்டாலே நெட்டை கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பான். காரணம் இருந்தது. எட்டு வருடமாக அவன் ஃபோர்க்லிஃப்டில் பெட்டிகளைத் தூக்கி லாரிகளில் வைக்கிறான். அவன் வைத்த பெட்டிகள் கடலோரம் போயின, மலைக்கு அப்பால் போயின. பெட்டியில் ஒட்டிய விலாசங்களைப் படித்துப் படித்தே அவன் ஊர்களைத் தெரிந்து வைத்திருந்தான். அவன் போன தூரமோ... கிடங்கின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. ட்ரெய்லர் ஓட்டும் பரீட்சைக்குக் கம்பெனி ஓர் ஆளை மூன்று தடவைதான் அனுப்பும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இன்னும் மூன்று வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, கடைசித் தடவை. அதிலும் தோற்றால் வாய்ப்பு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இவனுக்கு ஆயுசுக்கும் இந்த நாலு சுவர்தான்.

சரக்கை இறக்கப் போனபோது அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"நீங்கதானே அந்த பிளாஸ்டிக் தாள்?"

"ஆமாங்க... எப்படிங்க ஒரே தடவைல விட்டீங்க?"

"கண்ணாடியப் பார்த்துதான்." சொல்லிவிட்டு அவள் வேறு எங்கோ பார்த்தாள். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் வருவாள். ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கும்போது கேட்டில் நிற்கும் முதல் லாரி அவளுடையதுதான். சரக்கு இறங்கும் முக்கால் மணி நேரமும் அவன் கேள்வியாய்க் கேட்பான், அவள் அட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் படம் போட்டுக் காட்டுவாள்.

"வண்டி மடியப் போகுதுன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" ஒருநாள் அவளே கேட்டாள்.

"ஸ்டியரிங்க நல்லா எதிர்ப்பக்கம் ஒடிப்பேன்."

"ஒடிச்சா கதை முடிஞ்சுது. முன்னாடி போங்க, நேராக்குங்க, மறுபடி வாங்க. வண்டிகிட்டப் போய் வீம்பு பிடிக்கலாமா?"

"மனுஷங்ககிட்ட பிடிக்கலாமாங்க?"

"ஆளப் பொறுத்து..." என்றாள். சிரிப்பு உதட்டில் இல்லை... கண்ணில் இருந்தது. அன்றைக்கு நெட்டை இரண்டு பெட்டிகளைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைத்தான்.

வீட்டில் அவன் அக்கா ஒருத்தி. சாப்பாட்டு மேசையில் காலி டிஷ்யூ பெட்டிகள் இரண்டை ஷூ லேஸால் கட்டி, உப்பு ஜாடிக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த தம்பியை அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"முப்பது வயசுல பொம்மை வண்டி... சரி, யாருடா அவ?"

"யாருக்கா?"

"தனியா சிரிச்சுக்கிட்டே ரிவர்ஸ் போறியே, அதான் கேட்டேன்."

"பரீட்சைக்குப் படிக்கிறேன்க்கா."

"படிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியாதா... உன்கூட ஒண்ணா பள்ளிக்கூடம் போனவடா நான்."

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒத்திகை. பயிற்சி மைதானத்தில், கூம்புகளுக்கு நடுவே வளைந்து பின்னால் வந்து, கட்டத்துக்குள் வாலை நிறுத்த வேண்டும். நெட்டை மூன்று கூம்புகளைச் சாய்த்தான். திங்கட்கிழமை அதை அவளிடம் சொன்னான்.

"பயிற்சியாளர் திட்டினார். இறங்கிப் போய்ப் பாக்க ரெண்டு தடவை அனுமதி இருக்கே, ஏன்யா இறங்கலன்னு."

"ஏன் இறங்கல?"

"நீங்க இறங்கறதில்லையே."

அவள் முகம் சட்டென்று மாறியது. "என்னைப் பார்த்துட்டா இப்படிச் செஞ்சீங்க?"

"பின்ன? விட்டா உங்கள மாதிரி விடணும். இறங்கி இறங்கிப் பாக்கறதெல்லாம்... தெரியாதவங்க செய்யறது. வியாழக்கிழமையும் இறங்க மாட்டேன், பாருங்க."

அவன் கையிலிருந்த சரக்குச் சீட்டை அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். "போய்யா... பெரிய இவரு." லாரிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

நெட்டைக்கு முகம் சிவந்துவிட்டது. பாராட்டினால் கோபமா? தனக்கு வருவது அடுத்தவனுக்கு வராது என்ற நினைப்பா? சரி, இனி அவளாகப் பேசினால் பேசுவோம் என்று முடிவு கட்டினான். முடிவு கட்டினானே தவிர, இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

புதன்கிழமை தூறல். மறுநாள் பரீட்சை. கிடங்கு ஆட்கள் பத்துப் பேரும் டீயும் கையுமாக மேடையில் நின்றிருந்தார்கள். அவள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பது அவர்களுக்குக் காலை வழக்கமாகியிருந்தது. சூப்பர்வைசர்கூட அறையை விட்டு வெளியே வந்திருந்தார். நெட்டை மட்டும் பார்க்காத மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி வந்தது. வளைந்தது. வால் மூன்றாம் வாசலைத் தேடித் திரும்பியது... பாதியில் நின்றது.

புஸ்ஸென்று பிரேக். கதவு திறந்தது. ஏணியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி ஒவ்வொரு படியாக அவள் இறங்கினாள். தூறலில் நடந்து வந்தாள். பதினாறு மீட்டரும் நடந்தாள், ஒரு அவசரமும் இல்லாமல். வாலுக்கும் பக்கத்து லாரிக்கும் நடுவே நின்று கையை நீட்டி அளந்தாள். குனிந்து பார்த்தாள்.

"என்ன ஒரே தடவை, இன்னிக்கு ரெண்டு தடவையா?" மேடையில் ஒருவன் கேட்டான். கொல்லென்று சிரிப்பு. "கண்ணாடி உடைஞ்சு போச்சா?" என்றான் இன்னொருவன். சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நெட்டையை மட்டும் பார்த்தாள். நேராக... மழை இமையில் நிற்க... கண் சிமிட்டாமல். பிறகு திரும்பி நடந்து, ஏறி, வண்டியை வாசலில் கொண்டுவந்து ஒட்டினாள். இறங்கியவள் அவனிடமே வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்... ஏங்க இப்படிப் பண்ணீங்க? இனிமே உங்கள அவங்க..."

"நான் வர்றப்பல்லாம் இறங்கிப் பாக்கறவதான். ஆறே முக்காலுக்கே வந்துடுவேன். வண்டிய கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு, ஷட்டர் திறக்கறதுக்கு முன்னாடி இந்த முற்றம் முழுக்க நடந்து பார்ப்பேன். எந்த லாரி எங்க நிக்குது, எங்க தண்ணி தேங்குது, எல்லாம் பாத்துட்டுத்தான் உள்ள எடுப்பேன். யாருக்கும் தெரியாது."

நெட்டை திரும்பிக் கேட்டைப் பார்த்தான்.

"ஒரு ஆம்பள இறங்கிப் பார்த்தா, ஆளு ஜாக்கிரதைம்பாங்க. நான் இறங்கினா, பாவம் தெரியல, யாரு இவளுக்கு வண்டி குடுத்தாங்கம்பாங்க. அதான் மறைச்சேன். மறைச்சதுல எனக்கு ஒரு பேரு வந்துச்சு. அது நல்லாத்தான் இருந்துச்சு..." குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் பேர நம்பி நீங்க நாளைக்குத் தோத்துட்டா, அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

முதல் நாள் மழையில் வாயைப் பிளந்து நின்றானே, அன்றைக்கு அவன் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று இப்போது தோன்றியது. இத்தனை பேர் சிரிக்க, தூறலில், தனியாக, அவனுக்காக அவள் நடந்த அந்தப் பதினாறு மீட்டர்... எந்த இடுக்கில் எந்த வண்டியை விட்டாலும் அதற்கு ஈடாகுமா? அவனுக்குக் கண் கலங்கியது. மழை என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை. கூம்புகள். பக்கத்தில் பரீட்சை அதிகாரி, மடியில் தாளுடன். நெட்டை ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்ப, வால் வலது பக்கம் போனது. திருப்பத்தில் இடது கண்ணாடியிலிருந்து கடைசிக் கூம்பு காணாமல் போனது. இடம் இருக்கிறது என்று கை சொன்னது, விட்டுவிடலாம் என்று வீம்பு சொன்னது. அவன் பிரேக்கை இழுத்தான்.

"இறங்கிப் பார்க்கிறேன் சார்."

நடந்து போய்ப் பார்த்தான். வால் போகும் வழியில், கூம்பு நான்கு விரல் தூரத்தில் நின்றிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏறினான். முன்னால் போனான், நேராக்கினான், மறுபடி வந்தான். கட்டத்துக்குள் வால் நின்றது. பிறகு ஒரு மணி நேரம் சாலையில்... வளைவுகள், பாலம், நெரிசல். கடைசியில் அதிகாரி ஒரு தாளை நீட்டிக் கைகுலுக்கினார்.

அக்காவிடம் சொன்னான், அக்கா அழுதாள். அடுத்து... ஓட்டுநரின் எண் சரக்குச் சீட்டில் இருக்கும். மூன்று வாரமாக அவனுக்கு அது மனப்பாடம். ஒரு தடவைகூட அழைத்ததில்லை. இப்போது அழைத்தான்.

"யாருங்க?" பின்னணியில் இன்ஜின் உறுமியது, வைப்பர் அடித்தது.

"நான்தாங்க... நெட்டை. பாஸாயிட்டேன்."

பதிலுக்கு நீளமாக ஒரு ஹாரன். நடுச்சாலையில் எவன் மிரண்டானோ தெரியாது.

"இறங்கினீங்களா?"

"இறங்கினேன். நாலு விரல் தூரம்தாங்க இருந்துச்சு... அப்புறம், உங்ககிட்ட இன்னொண்ணும் சொல்லணும்."

"இப்ப சொல்லாதீங்க."

"ஏங்க?"

"கீழ இருபத்தஞ்சு டன் ஓடிட்டிருக்கு. இத கேட்டுக்கிட்டே என்னால ஓட்ட முடியாது. நினைச்ச இடத்துல நிறுத்தற வண்டியும் இல்ல இது. எட்டு நிமிஷத்துல ஓரங்கட்ட இடம் வரும். வெச்சுடுங்க, நானே கூப்பிடறேன்."

மைதானத்தின் கம்பி வேலியோரம் நெட்டை எட்டு நிமிடம் நின்றான். எட்டு வருடம் இதைவிடச் சீக்கிரம் போயிருந்தது. ஒன்பதாவது நிமிடம் போன் அடித்தது. இன்ஜின் சத்தம் இல்லை, வைப்பர் சத்தமும் இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"நிறுத்திட்டேன்... சொல்லுங்க."

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. லாரி ஓட்டறதுக்காக இல்ல. அதுவும்தான்... ஆனா நேத்து நீங்க இறங்கி நடந்தீங்களே, அப்பலேர்ந்து எனக்கு வேற எதுவும் பெரிசாத் தெரியல. லைசென்ஸ்கூட."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி கடந்து போகும் சத்தம். நெட்டை போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நேத்து எல்லாரும் சிரிச்சாங்கல்ல?" என்றாள் அவள். "அழுகை வரும்னு நினைச்சுத்தான் இறங்கினேன். வரல. உங்க மூஞ்சியத்தான் பார்த்துட்டிருந்தேன்... இவன் ஜெயிச்சாப் போதும்னு இருந்துச்சு. ஊரே சிரிச்சாலும் பரவால்லன்னு ஒருத்தனுக்காக எனக்குத் தோணினது இதான் முதல் தடவை. அதுக்குப் பேரு பிடிக்கிறது இல்லடா... அதுக்கும் மேல."