தனித் துயிற்கூடு

செவ்வாய்க் கிரகத்தின் கிழக்குக் குடியிருப்பில் காலை ஆறரைக்கு உரைப்பான் பேசத் தொடங்கும். சுவரில் பதிந்த அந்த இயந்திரம், அவரவர் தோலுக்கடியில் இருக்கும் உணர்மணியைப் படித்து, அன்று அவர் இறந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். எல்லோரும் பல் துலக்கியபடியே கேட்பார்கள்.

"சீராளன், இன்று நான்கு லட்சத்தில் ஒன்று. நேற்றைவிடக் கூடுதல்."

"வடை வேண்டாம்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்பாள் அவர் மனைவி கோமளவல்லி.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி மட்டும், பெற்றோர் கைரேகை வைக்காமல் அது வாய் திறக்காது. மகள் நறுமுகைக்குப் பதினாறு முடிந்ததிலிருந்து உரைப்பானின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

"அம்மா, நறுமுகையிடம் வலிப்பைப் பற்றிப் பேச வேண்டும்" என்றது உரைப்பான் கோமளவல்லியிடம், மகள் பள்ளிக்குப் போனபின்.

"மெதுவா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகுது."

"இந்த நோய் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் திடீரென்று இறக்கிறார்கள், பெரும்பாலும் தூக்கத்தில். மாத்திரையைத் தவறவிடாமல் இருந்தால், பக்கத்தில் யாராவது படுத்திருந்தால், ஆபத்து குறையும். தெரிந்தால் அவளே பார்த்துக்கொள்வாள்."

"வயசுப் பிள்ளைகிட்டப் போய் சாவைப் பத்திப் பேசுவாங்களா? பயந்துடுவா. நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா யாரு கட்டுவா? பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்."

பூமியிலிருந்து வந்தவர்கள் எடைக் கட்டுப்பாட்டுக்காக அம்மிக்கல்லிலிருந்து ஆல்பம்வரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இந்த 'நாலு பேர்' பயத்துக்கு எடையில்லை; அது கூடவே வந்துவிட்டது.

ஆகவே நறுமுகைக்குத் தெரிந்ததெல்லாம், தனக்கு எப்போதாவது மயக்கம் வரும், அதற்குச் சத்து மாத்திரை உண்டு என்பதுதான்.

பள்ளியில் பெரும்பள்ளத்தாக்குக்கு நான்கு நாள் சுற்றுலா ஏற்பாடானது. பிள்ளைகள் பொதுக்கூடத்தில் படுப்பார்கள். கோமளவல்லி அலுவலகத்தில் நின்று மகளுக்குத் தனித் துயிற்கூடு கேட்டு வாங்கினாள். தோழிகள் முன்னால் வலிப்பு வந்துவிட்டால்? வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் திலகவதி, நறுமுகையின் தோழி யாழினியின் அம்மா.

"எங்க பொண்ணுக்குக் குறட்டைச் சத்தம் ஆகாதுங்க" என்றாள் திலகவதி.

"எங்களுக்கு வெளிச்சம் ஆகாது."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் ஒண்ணாப் படுத்துக் கதை பேசலாம்னு இருந்தோம்மா. எனக்கும் யாழினிக்கும் மட்டும் ஜெயிலா?" என்றாள் நறுமுகை, பையைத் தோளில் மாட்டியபடி.

"சொன்னாக் கேளு கண்ணு."

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. உணர்மணி எச்சரிக்கை அனுப்பியிருந்தது. கைரேகை இல்லாததால் அது ஆசிரியருக்குப் போகாமல் நின்றுவிட்டது. பையோடு திரும்பிவந்த மாத்திரைக் குப்பியில் ஒன்றுகூடக் குறையவில்லை. சத்து மாத்திரைதானே.

அவள் இறந்த எட்டாம் நாள் உரைப்பான் தயங்கிப் பேசியது. "சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று அறிவிக்கச் சொல்லி ஐயா கைரேகை வைத்துவிட்டார். உங்களுடையதும் வேண்டும்."

கோமளவல்லி கையை நீட்டவில்லை. "அங்கே எத்தனை பேரு தனியாப் படுத்தாங்க?"

"ஒன்பது பேர்."

"மத்த எட்டுப் பேருக்கும்..."

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை, அம்மா."

அவளுக்குப் புரிந்தது. நேராகத் திலகவதி வீட்டுக்குப் போனாள். திலகவதி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எம்பொண்ணுக்கு வலிப்பு இருந்துச்சுங்க. மறைச்சுட்டேன்" என்றாள் கோமளவல்லி. " யாழினிக்கும் இருக்குல்ல? அவகிட்டச் சொல்லிடுங்க. தனியா மட்டும் படுக்க வைக்காதீங்க."

திலகவதி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "எங்க வீட்ல யாருக்கும் அந்த மாதிரியெல்லாம் கிடையாதுங்க. உங்க வீட்டுக்காரரு காய்ச்சல்னுதானே சொன்னாரு?"

உள்ளறைக் கதவருகே யாழினி நின்றிருந்தாள். "ஏம்மா, நான் எதுக்குத் தனியாப் படுக்கக் கூடாது?"

"ஒண்ணுமில்ல, உள்ளே போ. பரீட்சை முடியட்டும், எல்லாம் பேசலாம்."

யாழினியின் தலைக்கு மேலே, சுவரில், அந்த வீட்டு உரைப்பானின் மஞ்சள் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.